அணையாத டயர் விளக்கு, மலைப்பாதையில் மறைக்கும் கண்ணாடி: புது வண்டி பற்றிய சில சந்தேகங்கள்

கொங்கு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். 16 ஆண்டுகள் கிளட்ச் மிதித்து ஓட்டிய சிறிய காரைக் கொடுத்துவிட்டு, சென்ற மாதம் தானியங்கி கியர் உள்ள பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். ஷோரூமில் மாலை சாத்தி, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு படமெடுத்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டியைப் பற்றி விளக்கியது பத்து நிமிடம்தான். அதிலும் பாதி, என் கைப்பேசியைத் திரையோடு இணைப்பதிலேயே கழிந்தது. அச்சிட்ட கையேடு கேட்டதற்கு, கைப்பேசியில் இறக்கிப் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். படித்தேன், ஆனால் எல்லா மாடல்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டிருப்பதால், என் வண்டியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே பல இடங்களில் விளங்கவில்லை.

முதல் சந்தேகம். குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டதுபோன்ற மஞ்சள் விளக்கு மூன்று நாட்களாக அணையாமல் எரிகிறது. பஞ்சர் கடையில் நான்கு சக்கரங்களையும் சோப்பு நீர் தடவிப் பார்த்தார்கள். எங்கும் காற்று கசியவில்லை.

இரண்டாவது, அம்மாவைப் பார்க்க உதகைக்குச் சென்றபோது நடந்தது. பர்லியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. குளிராக இருந்ததால் ஏசியை நிறுத்திவிட்டிருந்தேன். வண்டியில் நாங்கள் ஐந்து பேர். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்குள் முன்கண்ணாடி முழுவதும் வெண்மையாகி, எதிரே வந்த பேருந்தின் விளக்கு மட்டுமே தெரிந்தது. பக்கத்தில் இருந்த என் மகள் துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்திக் காத்திருந்துதான் போனோம்.

மூன்றாவது, சிக்னலில் நின்றால் சில சமயம் என்ஜின் தானாக நின்றுவிடுகிறது. முதல் முறை இங்கே திருப்பூரில் அவினாசி சாலையில் அப்படி நின்றபோது, பழைய வண்டிபோல அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். டேஷ்போர்டு மொத்தமும் அணைந்துபோயிற்று. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. இவை கோளாறுகளா, எனக்குப் பழக்கமில்லாததால் வரும் குழப்பங்களா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நாற்சக்கரம்:

டயர் விளக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் வண்டியிலும் அடிக்கடி எரியும்; நான் அதைப் பார்ப்பதே இல்லை. மழைக்காலத்தில் சென்சார்கள் இப்படித்தான் காட்டும்.

பட்டறை மூத்தவர்:

மேலே உள்ள நண்பர் சொன்னதை ஏற்க வேண்டாம், அம்மா. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும், மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டும், பச்சையும் நீலமும் செய்தி மட்டும் என்பது ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். மஞ்சளைப் பார்த்துப் பழகிவிட்டவர், உண்மையிலேயே ஆணி ஏறிய நாளிலும் அப்படியேதான் ஓட்டிக்கொண்டு போவார்.

பதில் சொல்வதற்கு முன் எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். வண்டியை உயிர்ப்பித்தவுடன் அந்த விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறதா, அல்லது தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிகிறதா? ஒவ்வொரு டயரின் காற்றழுத்தத்தையும் திரையில் எண்ணாகக் காட்டுகிறதா? விளக்கு எரிவதற்கு ஓரிரு நாள் முன்பு யாராவது காற்றைத் தொட்டார்களா?

கொங்கு வாசகி:

உடனே பதிலளித்ததற்கு நன்றி, ஐயா. மினுக்குவதில்லை, தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிகிறது. திரையில் எண்கள் எதுவும் வரவில்லை; ‘டயர்களைச் சரிபார்க்கவும்’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வருகிறது.

காற்றைப் பற்றிக் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. வண்டி பள்ளங்களில் கட்டை வண்டிபோலத் தூக்கிப்போட்டதால், விளக்கு எரிந்ததற்கு முந்தைய நாள் மாலை ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்று பார்க்கச் சொன்னேன். நான்கிலும் 42 பிஎஸ்ஐ இருந்தது. அந்தத் தம்பி, இது மிக அதிகம் என்று சொல்லி, முன் டயர்கள் இரண்டையும் 33க்கு இறக்கினார். அதற்குள் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்று அவசரப்படுத்தியதால், பின் டயர்களை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

பட்டறை மூத்தவர்:

விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் டயருக்குள் அழுத்தம் அளக்கும் சென்சார் இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் பெரும்பாலும் எண்கள் தெரியும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சார் உண்டு. காற்று குறைந்த டயர் சற்றே அமுங்கி அதன் உருளும் ஆரம் குறைவதால், அதே தூரத்தைக் கடக்க மற்ற சக்கரங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுழலும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் வண்டி காற்றைக் கணிக்கிறது. அதற்கு 33 என்பதும் தெரியாது, 42 என்பதும் தெரியாது. கடைசியாக எந்த நிலையில் ‘இதுதான் சரி’ என்று பதிவு செய்யப்பட்டதோ, அதிலிருந்து மாறியிருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். நான்கிலும் 42 இருந்த நிலை அதன் நினைவில் இருக்கிறது. முன்னிரண்டை மட்டும் இறக்கியதும், முன்சக்கரங்களில் காற்று போய்விட்டது என்று அது நினைத்துக்கொண்டது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

42 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி, கிடங்கில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் காலத்தில் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடக் கூடாது என்பதற்காகக் காற்றைக் கூட்டி வைப்பது வழக்கம். டெலிவரிக்கு முன் அதை இறக்கியிருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் காற்றையும் பார்த்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். குறைந்த சுமைக்கு ஓர் அளவும், முழுச் சுமைக்கு ஓர் அளவும் அதில் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்து நிரப்பாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. காலையில், வண்டி அதிகம் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். அதன் பிறகு திரையில் வாகன அமைப்புகளுக்குள் போய், டயர் என்ற பகுதியில் புதிய அளவைப் பதிவு செய்யும் கட்டளையைக் கொடுங்கள். சில மாடல்களில் அதற்குத் தனிப் பொத்தானே உண்டு. பிறகு சிறிது நேரம் ஓட்டினால் வண்டி புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும்.

முதலில் காற்று, பிறகு பதிவு என்ற வரிசை மாறக் கூடாது. விளக்கை அணைப்பதற்காக இப்போதே பதிவு செய்துவிட்டீர்களானால், முன்னே 33, பின்னே 42 என்ற கோணல் நிலையையே அது சரியென்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு: நான்கு டயரிலும் ஒரே அளவில் மெல்ல மெல்லக் காற்று குறைந்தால், இந்த வகை ஏற்பாடு அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். ஆகவே விளக்கு எரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை கருவி வைத்துப் பாருங்கள்.

குன்னூர்ச் சாரல்:

கண்ணாடிப் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். இந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்குபவன். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்: குளிர்கிறது என்று ஏசியை நிறுத்திவிடுகிறீர்கள். நனைந்த குடை, ஈரச் செருப்பு, ஐந்து பேரின் மூச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து உள்காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே போகிறது. வெளியே மழையில் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் அந்த ஈரம் படிகிறது. காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தானில் விளக்கு எரிந்ததா என்று நினைவிருக்கிறதா? அது எரிந்தால், உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று பொருள். திருப்பூரில் வெயிலுக்கும் புகைக்கும் அது நல்லது. மழையில் மலையேறும்போது அதுதான் எதிரி.

அடுத்த முறை, விசிறிபோல விரிந்த கண்ணாடியின் மேல் மூன்று நெளிந்த அம்புகள் போட்ட பொத்தானை அழுத்துங்கள். பின்கண்ணாடிக்கு உள்ளது செவ்வக வடிவில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் காற்று முழுவதும் கண்ணாடிக்குத் திரும்பும், ஏசி தானாக ஓடத் தொடங்கும், வெளிக்காற்று உள்ளே வரும். அப்படி வராவிட்டால் மூன்றையும் நீங்களே செய்துவிட்டு, வெப்பநிலையை 25, 26 என்று உயர்த்துங்கள். ஏசியும் ஓடுகிறது, சூடான காற்றும் வருகிறது என்றால் விந்தையாகத் தோன்றும். ஆனால் ஏசியின் குளிர்ந்த சுருள் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் நீர் அதுதான். ஈரம் நீங்கிய காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியில் அடித்தால், ஒரு நிமிடத்துக்குள் கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்துகொண்டே வருவதை நீங்கள் பார்க்கலாம். துப்பட்டாவால் துடைக்காதீர்கள், கை எண்ணெய் படிந்த இடத்தில் இரவில் எதிர் விளக்கு சிதறிக் கண்ணைக் கூசவைக்கும்.

மலையிறங்கும்போது கியரை ‘டி’யிலேயே (டிரைவ்) விட்டுவிடாமல், கைமுறைக்கு மாற்றி இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வைத்து இறங்குங்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்று இங்கே ஓட்டுநர்கள் சொல்வது தானியங்கி வண்டிக்கும் பொருந்தும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியவர்களின் வண்டிகள் கல்லாறு பக்கம் கருகிய வாடையோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கொங்கு வாசகி:

அந்த அம்புக்குறிப் பொத்தான் எரிந்துகொண்டுதான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே எரிகிறது. அதை அழகுக்கான விளக்கு என்று நினைத்திருந்தேன்! ஆனால் ஒரு குழப்பம்: நேற்று விடியற்காலை இங்கே திருப்பூரிலேயே, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி வெளுத்தது. நீங்கள் சொன்ன பொத்தானை அழுத்தினேன். குறையாமல் இன்னும் பரவியது.

குன்னூர்ச் சாரல்:

விரலால் கண்ணாடியின் உட்புறம் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, விழாவிட்டால் வெளியே. நேற்று உங்களுக்கு வெளியே படிந்திருக்கிறது. ஏசி கண்ணாடியைக் குளிரவைத்தது, வெளியிலிருந்த ஈரமான காற்று அதில் பட்டு வேர்த்தது. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பு வேர்ப்பதைப்போலத்தான். அதற்கு வைப்பரை ஒருமுறை போட்டுவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

பட்டறை மூத்தவர்:

மூன்றாவது சந்தேகம் விடுபட்டுவிட்டது. சிக்னலில் என்ஜின் நிற்பது கோளாறு அல்ல. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கான ஏற்பாடு. அப்போது டேஷ்போர்டில் வட்ட அம்புக்குள் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே என்ஜின் மீண்டும் ஓடும். ஸ்டார்ட் பொத்தானைத் தொட வேண்டியதில்லை, தொட்டால் வண்டியையே அணைத்துவிடுகிறீர்கள். சில சமயம் மட்டும் நிற்பதற்கும் காரணம் உண்டு. என்ஜின் இன்னும் சூடாகவில்லை, பேட்டரியில் மின்சாரம் குறைவு, உள்ளே வெயிலுக்கு ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது என்ற நிலைகளில் அது என்ஜினை நிறுத்தாது. வேண்டாம் என்றால் அதே குறியோடு இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்; ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அடுத்த முறை உயிர்ப்பிக்கும்போது மீண்டும் வந்துவிடும்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்றே. என்ஜின் ஓசை இல்லாததால் வண்டியை நிறுத்திவிட்டோம் என்று நினைத்து, கியரை ‘பி’க்கு (பார்க்கிங்) கொண்டுவராமல் இறங்க முயல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். பேட்டரி மாற்றும் காலம் வரும்போது, இந்த ஏற்பாட்டுக்கென உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பேட்டரி விலை குறைவாக இருந்தாலும், இத்தனை முறை ஸ்டார்ட் செய்வதைத் தாங்காது.

கொங்கு வாசகி:

இன்று காலை ஆறரை மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அதே பங்க்குக்குப் போனேன். தூணில் உள்ள ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கு நான்கிலும் 33, முழுச் சுமைக்குப் பின்னால் மட்டும் 38 என்று இருக்கிறது. நான்கையும் 33க்குக் கொண்டுவந்து, திரையில் பதிவு செய்தேன். அணைந்த விளக்கு அவினாசி வரை போய்த் திரும்பும் வரையிலும் எரியவில்லை. வண்டி தூக்கிப்போடுவதும் பெருமளவு குறைந்துவிட்டது. சஸ்பென்ஷன் சரியில்லை என்று ஷோரூமில் சண்டை போட இருந்தேன்.

போன கையோடு ஸ்டெப்னியையும் பார்த்தேன். மற்ற சக்கரங்களைவிட மெலிந்ததாக இருக்கிறது. அதில் 60 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது. இது அச்சுப் பிழையா? வண்டி 80ஐத் தாண்டும்போது கீச்சிடுவதும் இதோடு தொடர்புடையதா?

பட்டறை மூத்தவர்:

பிழையில்லை, அம்மா. தற்காலிகப் பயன்பாட்டுக்கான மெலிந்த ஸ்டெப்னிகளுக்கு 60 பிஎஸ்ஐ இயல்பான அளவு. சிறிய டயர் அதே எடையைத் தாங்க அவ்வளவு காற்று வேண்டும். அதை மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நேராகப் பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். சுற்றளவு வேறுபடுவதால் அப்போது டயர் விளக்கு மீண்டும் எரியக்கூடும்; உங்கள் பழைய டயர் திரும்ப மாட்டப்பட்டு, காற்றும் சரிபார்த்த பிறகு ஒருமுறை பதிவு செய்யுங்கள். கீச்சொலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2019 ஜூலை முதல் இங்கே தயாராகும் கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டது: 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். அதை நிறுத்தும் பொத்தானைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், பெரும்பாலும் இருக்காது.

அடுத்த முறை ஐந்து பேராக உதகைக்குக் கிளம்புவதற்கு முன், பின் டயர்களை 38க்கு ஏற்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மீண்டும் 33.