புதுப்பிப்பு: சிவப்பாகப் பூக்காத விட்ச் ஹேசல்

டொராண்டோவில் என் வீட்டுத் தோட்டத்தில் வைத்த ‘டயேன்’ வகை விட்ச் ஹேசல் என்ற பூக்கும் புதர்ச்செடி, குளிர்கால இறுதியில் சிவப்பாகப் பூக்காமல், அக்டோபரில் இலை உதிரும் வேளையில் மஞ்சளாகப் பூப்பது ஏன் என்று சென்ற ஆண்டு மார்ச்சில் கேட்டிருந்தேன். மண்தான் குறை என்று பலர் கருதினீர்கள். நானும் அதை நம்பி இலைமக்கைக் கூடை கூடையாகக் கொட்டினேன்.

காரணம் வேறு. ஜப்பானிய, சீன வகைகளின் கலப்பினமான ‘டயேன்’, பெரும்பாலும் வட அமெரிக்க விட்ச் ஹேசலின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியே விற்கப்படுகிறது. அந்த வட அமெரிக்க வகையோ இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பூப்பது. ஏப்ரலில் அடிமண்ணை விலக்கியபோது, இரு செடிகளும் இணைந்த ஒட்டுப் புடைப்புக்குக் கீழிருந்து கட்டைவிரல் பருமனில் நான்கு தண்டுகள் எழுந்திருந்ததையும், மேலே ‘டயேன்’ ஒற்றைக் கிளையாக நிழலில் ஒடுங்கியிருந்ததையும் கண்டேன். மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும் என்று ஊரில் அப்பா கற்பித்தது எனக்கு ஏனோ இங்கே நினைவுக்கு வரவில்லை.

வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், அந்தத் தண்டுகளை வேரோடு ஒட்டிய இடத்திலிருந்தே பிய்த்தெடுத்தேன். வெயில் பட்ட அந்த ஒற்றைக் கிளையில் இந்தப் பிப்ரவரி இறுதியில் ஏழு பூக்கள் மலர்ந்தன. கிழித்த செப்புத்தாள் போன்ற இதழ்கள், கடுங்குளிர் அடித்த காலையில் இறுகச் சுருண்டு, நண்பகலில் மெல்ல விரிந்தன.