சிறு பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டீயரிங் உதறுகிறது, உதவி தேவை

வழித்துணை
வணக்கம். என்னுடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, சாலையில் உள்ள சிறு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ முன்சக்கரம் ஒன்று பட்டுவிட்டால், ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் பலமாக உதறத் தொடங்குகிறது. டேஷ்போர்டு முதல் பின் இருக்கை வரை எல்லாம் நடுங்குகின்றன. வேகத்தை 40க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அடங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தாகிவிட்டது, பயன் இல்லை. விரைவில் குடும்பத்துடன் நீண்ட பயணம் புறப்பட வேண்டியிருக்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கியர்ப்பெட்டி
நண்பரே, சில விவரங்கள் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸிலா, அல்லது சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனிச் சஸ்பென்ஷனா? காயில் ஸ்பிரிங்கா, லீஃப் ஸ்பிரிங்கா? ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்தியிருக்கிறீர்களா? டயர் நிறுவனம் கொடுத்த அளவிலேயே இருக்கிறதா? உதறல் எப்போதிலிருந்து, அதற்குச் சற்று முன்பு ஏதாவது வேலை செய்யப்பட்டதா?

சக்கரக்கணக்கு
எனக்கு இது டயரில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. மணலிலோ சேற்றிலோ ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, தார்ச்சாலைக்கு வந்த பிறகு மீண்டும் நிரப்ப மறந்துவிடுகிறவர்கள் பலர். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு ஒரு கைப்பிடி அளவு இருந்தாலும் பேலன்சிங் செய்தது வீண்தான். ரிம்மைக் கழற்றிக் கழுவிய பிறகு பேலன்சிங் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மூத்த ஸ்பேனர்
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. முன்பே எழுதியவற்றைப் படிப்பதற்குப் பொறுமை இல்லாதவர்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்கும் பொறுமை இல்லாதவர்களாகவே இருக்கிறார்கள். சீரான அதிர்வு வேறு, அடி வாங்கிய பிறகு எழுகிற உதறல் வேறு. பேலன்சிங் கோளாறு என்றால் குறிப்பிட்ட வேகத்தில் பள்ளம் இல்லாத சாலையிலும் ஸ்டீயரிங் மெல்ல அதிரும். அந்த வேகத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் குறையும். இவர் சொல்வது அதுவன்று. இந்த அடிப்படை வேறுபாடு தெரியாமல் டயர்க்கடைக்கு அனுப்புகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது?

மலைமுகடு
என் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) போய்விட்டது என்று சொல்லிப் புதியது பொருத்திக் கொடுத்தார்கள். சில வாரங்கள் வண்டி சாதுவாக ஓடியது. பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஆகவே யாராவது டேம்பரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதித்துவிடாதீர்கள். அது உதறலை அமுக்கி வைக்குமே தவிர, உதறலுக்கான காரணத்தைத் தொடாது.

வழித்துணை
அனைவருக்கும் நன்றி. முன்னால் ஒரே ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறது. முதலில் இருந்த 29 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குல மட் டயர் (சேற்றில் ஓட்டுவதற்கான டயர்) போட்டிருக்கிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது. டேம்பர் புதியது.

மூத்த ஸ்பேனர்
உயர்த்திய வண்டி, பெரிய டயர், புதிய டேம்பர். இந்த மூன்றையும் முதல் பதிவில் எழுதியிருந்தால் பாதி மறுமொழிகளுக்கு வேலையே இருந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். 29க்குப் பதில் 31 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. மீட்டரைத் திருத்தவில்லை என்றால், அது 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 75ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கியர்ப்பெட்டி
இப்போது படம் தெளிவாகிறது. ஒரே ஆக்ஸில் உள்ள வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு கட்டையின் இரு முனைகளைப் போலக் கட்டுண்டிருப்பதால், ஒன்றுக்கு விழுகிற அடி, இரு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் வழியாகவும் ஆக்ஸில் வழியாகவும் மற்றொன்றுக்குப் போய்த் திரும்பி வருகிறது. இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் அந்த அலை ஒன்றிரண்டு அசைவுகளில் அடங்கிவிடும். எங்காவது தளர்ச்சி இருந்தால் அடங்காமல், சக்கரம் உருளும் வேகத்திலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் மட்டுமே நிற்பது அதனால்தான்.

காயில் ஸ்பிரிங் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பேன்ஹார்ட் ராடைத்தான். சேஸிஸில் ஒரு முனையும் ஆக்ஸிலில் மறுமுனையும் பொருத்தப்பட்டு, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுவே. அதன் முனையில் உள்ள ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை) தேய்ந்திருக்கலாம். அல்லது போல்ட் தளர்ந்து ஆடி ஆடி, பிராக்கெட்டில் உள்ள வட்டத் துளையை முட்டை வடிவமாக ஆக்கியிருக்கலாம். இரண்டாவது நிலை கண்ணுக்கு எளிதில் தென்படாது. போல்ட் இறுக்கமாக இருப்பது போலவே தோன்றும்.

சோதிப்பதற்கு ஜாக்கி தேவையில்லை, போடவும் கூடாது. வண்டி தன் எடையுடன் சமதரையில் நிற்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பவர் ஸ்டீயரிங் வேலை செய்வதற்காக எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமுமாக விரைவாக அசைக்கட்டும். மற்றொருவர் பக்கவாட்டிலிருந்து பேன்ஹார்ட் ராடின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாகக் கவனிக்கட்டும். ராடும் பிராக்கெட்டும் சேர்ந்து அசைந்தால் கவலையில்லை. ஒன்று அசைந்து மற்றொன்று அசையாமல் நின்றால், அல்லது போல்ட் துளைக்குள் நகர்ந்தால், தேடியது கிடைத்துவிட்டது என்று பொருள். அப்படியே டை ராட் எண்டுகளையும் (அதன் முனை மூட்டுகள்), ஸ்டீயரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கையும் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பொருந்தும் இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின் பேரிங், சக்கரம் சுழலும் வீல் பேரிங் இவற்றில் ஒன்று. பக்கவாட்டில் ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்டு. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டும்போது மேல்கீழ் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கின் மீது சந்தேகம் கூடும்.

உயரமானி
கியர்ப்பெட்டி சொன்னவை சரியே. ஆனால் கேஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை, அவர் விட்டுவிட்டார். ஆக்ஸிலை முன்னும் பின்னும் பிடித்திருக்கும் ஆர்ம்களின் நீளத்தையோ கோணத்தையோ திருத்தாமல், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வண்டியை உயர்த்தினால், ஆக்ஸில் சற்றே சுழன்று கேஸ்டர் குறைந்துவிடும். மிதிவண்டியின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் அது நேராக ஓட விரும்புகிறது. அந்தச் சாய்வு குறையக் குறையச் சக்கரம் தன்னிச்சையாக அலையும். இவருடைய வண்டியில் அலைன்மெண்ட் (சக்கரக் கோண) அளவுகளை அச்சடித்த தாளை எடுத்துக் கேஸ்டர் எத்தனை டிகிரி என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மூத்த ஸ்பேனர்
முதல் வேலை அன்று, இரண்டாவது வேலை. தளர்ச்சி உள்ள வண்டியில் எடுத்த அலைன்மெண்ட் அளவுக்கு என்ன மதிப்பு? மேலும், கேஸ்டர் குறைந்த வண்டி சாலையில் அலைபாயும், திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பச் சோம்பும்; இவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே.

உயரமானி
அவர் சொல்லாதது இங்கே எதற்கும் சான்றாகாது, ஐயா. உயர்த்தியதையே நாம் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஈரத்தடம்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தினமும் தார்ச்சாலையில் ஓடுகிற வண்டிக்கு மட் டயர் எதற்கு? டயரின் ரப்பர்க் கட்டைகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருப்பதால் சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தொலைவு கூடுகிறது. இரைச்சலும் எடையும் வேறு. எடை கூடிய சக்கரம் உதறத் தொடங்கினால் அடங்குவதும் கடினம். தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரைன் டயருக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சேற்றுப்பாதை
பாதை என்ற பெயரில் களிமண் மட்டுமே இருக்கும் இடத்துக்கு வாரந்தோறும் போகிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆல் டெரைன் டயரின் இடைவெளிகளைக் களிமண் அடைத்துக்கொண்டால், நான்கு சக்கரமும் சுழன்றாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மட் டயர் சுழலும்போதே சேற்றை உதறி எறிந்துவிடும். பக்கச்சுவரும் பொதுவாக வலுவானது. அவரவர் பாதைக்கு அவரவர் டயர்.

ஈரத்தடம்
உங்கள் பாதை அப்படி என்றால் உங்களுக்குச் சரி. நான் பார்க்கும் மட் டயர் வண்டிகளில் பெரும்பாலானவை வாகன நிறுத்துமிடத்தின் நடைமேடைக்கு மேல் எதன் மீதும் ஏறியதில்லை.

சேற்றுப்பாதை
நீங்கள் பார்க்கும் இடம் வாகன நிறுத்துமிடம் என்பதால் அப்படித் தெரிகிறது.

கியர்ப்பெட்டி
டயர்ச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். வழித்துணை, சரிசெய்யும் வரை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். இடையில் உதறல் வந்தால் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். அதன் ஆரங்களுக்குள் விரலை நுழைக்காதீர்கள். எதிர்த்துத் திருப்ப முயலாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பின்னால் வருகிறவர்களைக் கவனித்தபடி சீராக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பேன்ஹார்ட் ராடில் ஆட்டம் இருந்தால் என்ன கண்டீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். உயர்த்திய வண்டியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராட் போடுவது நல்லது. ஏனெனில் பழைய நீளத்திலேயே இருக்கும் ராட், சாய்வு கூடியதால் ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்கும்.

மலைமுகடு
என் வண்டியிலும் இறுதியில் பேன்ஹார்ட் ராட் புஷ்தான் காரணமாக இருந்தது. மாற்றிய பிறகு பழைய டேம்பரைத் திரும்பப் பொருத்தியும் ஓட்டிப் பார்த்தேன், உதறவில்லை.

வழித்துணை
சொன்னபடியே ஒருவர் அசைக்க, நான் பார்த்தேன். ஆக்ஸில் பக்கத்து பேன்ஹார்ட் ராட் போல்ட் துளைக்குள் தெளிவாக நகர்கிறது. மெக்கானிக் புதிய புஷ்ஷும் போல்ட்டும் போட்டுவிட்டார். இப்போது 80 வரை உதறல் இல்லை. அனைவருக்கும் நன்றி.

கியர்ப்பெட்டி
மகிழ்ச்சி. ஆனால் போல்ட் துளைக்குள் நகர்ந்தது என்றால் துளையே அகன்றிருக்கக்கூடும். அகன்ற துளையில் அதே தடிமனுள்ள புதிய போல்ட் இன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கரடுமுரடான பாதையில் சில முறை ஓடிய பிறகு மீண்டும் நழுவும். பிராக்கெட்டில் சரியான அளவுத் துளையுள்ள கனமான தகட்டை வெல்டிங் செய்தார்களா, அல்லது துளையைச் சீராகப் பெரிதாக்கித் தடித்த போல்ட்டும் அதற்கேற்ற ஸ்லீவும் (உலோக உறை) போட்டார்களா? போல்ட்டை இறுக்கும்போது வண்டி சக்கரங்களின் மேல் நின்றதா, ஜாக்கியில் தொங்கியதா? தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். பயணத்துக்கு முன் இந்த இரண்டையும் மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உயரமானி
கேஸ்டர் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

மூத்த ஸ்பேனர்
வண்டியை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது. அடுத்து இதே உதறலோடு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலே கியர்ப்பெட்டி எழுதிய சோதனையை முதலில் செய்யுங்கள், உயர்த்திய அளவையும் டயர் அளவையும் முதல் பதிவிலேயே எழுதுங்கள், போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பின் மறுபடி சரிபாருங்கள்.

சக்கரக்கணக்கு
ரிம்மைக் கழுவினாரா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.