டேவிட்ஸ் எவ்வளவுக்குப் போனார்?

கண்டனூர் கபடி:
தேவகோட்டை கோல்கீப்பர் அண்ணன் நேத்து எழுதினது: "ஒப்பந்தம் முடிஞ்ச வீரன் சும்மா போனா சின்ன கிளப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சம்பளம்தான் மிச்சம்." படிச்சதிலிருந்து மனசு ஆற மாட்டேங்குது. 1995 மே மாசம் வியன்னாவுல இத்தாலியோட ஏசி மிலானை 1-0னு அடிச்சு ஐரோப்பாக் கால்பந்து சாம்பியன் ஆனது ஹாலந்து கிளப் அயாக்ஸ். கோல் போட்ட க்ளைவர்ட்டுக்கு வயசு 18. அதே வருஷம் டிசம்பர் 15, பெல்ஜிய வீரர் போஸ்மன் வழக்குல ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு: ஒப்பந்தம் முடிஞ்ச வீரன் வேற கிளப்புக்குப் போனா பழைய கிளப் காசு கேக்கக் கூடாது. 1996ல அயாக்ஸ் வீரர்கள் டேவிட்ஸும் ரைசிகரும் மிலானுக்குப் போயிட்டாங்க, 1997ல க்ளைவர்ட்டும் அங்கேதான். தோத்தவன் ஜெயிச்சவன் வீட்டுப் பிள்ளைகளைக் காசு கொடுக்காமக் கூட்டிட்டுப் போயிட்டான். டேவிட்ஸ் எவ்வளவுக்குப் போனார் அண்ணே? பூஜ்யம். இதுதான் உங்க மிச்சமா?

தேவகோட்டை கோல்கீப்பர்:
தம்பி, நான் சின்ன கிளப்புன்னு எழுதுறேன், நீங்க ஐரோப்பா சாம்பியனைக் கொண்டாந்து நிறுத்துறீங்க. போஸ்மன் கதையையே முழுசாப் படிக்கலை போல. 1990ல பெல்ஜியத்துல ஆர்எஃப்சி லியேஜ் கிளப்போட அவர் ஒப்பந்தம் முடியுது. புது ஒப்பந்தத்துல சம்பளம் நாலுல ஒரு பங்கு. பிரான்ஸ்ல டன்கெர்க் கிளப் கூப்பிடுது, லியேஜ் விட மாட்டேங்குது. ஒப்பந்தமும் கிடையாது, போகவும் முடியாது. தொழுவத்துல கட்டின மாட்டுக்காவது நேரத்துக்கு வைக்கோல் விழும்.

கண்டனூர் கபடி:
போஸ்மனுக்கு நடந்தது அநியாயம், யாரு இல்லைன்னா? நான் கேட்டது டேவிட்ஸ். எவ்வளவுக்குப் போனார்?

கானாடுகாத்தான் பேரன்:
குறுக்கே வர்றேன், கோவிச்சுக்காதீக. பர்மாவுல நம்ம செட்டிநாட்டு ஆளுக வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல ஏஜெண்டு மூணு வருஷக் கணக்குக்குப் போவாக. கணக்கு முடிஞ்சா ஊர் திரும்பலாம், வேற கடைக்கு மாறலாம், கையில சேர்ந்ததை வச்சுச் சொந்தமாவும் கடை போடலாம். "பெட்டியடிப் பையனா, தொழில் பழக வந்தவனை நான்தான் ஆளாக்கினேன், காசு கொடு"ன்னு பழைய முதலாளி அடுத்த கடை வாசல்ல போய் நின்னதா எங்க ஐயா சொல்லி நான் கேட்டதில்லை. நம்ம ஊர்ல இருந்த நியாயத்தைத்தான் ஐரோப்பாக்காரன் 1995ல கண்டுபிடிச்சிருக்கான்.

கண்டனூர் கபடி:
கானாடுகாத்தான் அண்ணே, பெட்டியடிப் பையன் அடுத்தாளாகி ஏஜெண்டா ஆகுறவரைக்கும் அந்தக் கடைக்குத்தானே சம்பாதிச்சுக் கொடுத்தான்? எங்க கபடி டீம்ல வளர்ந்த ஒரு பையன் எங்களுக்கு என்ன சம்பாதிச்சுக் கொடுத்தான்? 13 வயசுல வந்தான், கால்ல செருப்பு இல்லை. நாலு வருஷம் காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி ஓட விட்டோம். முட்டைக்குக் காசு நான் கொடுத்தேன், முழங்கால் பிசகினப்போ மதுரைக்குக் கூட்டிட்டுப் போனது எங்க கேப்டன். 17 வயசுல போனஸ் எடுக்கிறதுல இந்தப் பக்கத்துலேயே அவனுக்கு ஈடு கிடையாது. திருவிழாப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெரிய டீம் ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போயிருச்சு. அவன் மேல எனக்குக் கோபம் இல்லை, அவன் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அந்த டீம்ல இருந்து ஒருத்தராவது ஒரு போன் போட்டிருக்கலாம். பேரேட்டுல பற்று மட்டும் எழுதி வரவே எழுதாம எத்தனை வருஷம் கடை நடக்கும்? உங்க ஐயா இருந்தா அவரையே கேட்டிருப்பேன்.

செக்காலை ரோடு:
அமெரிக்க பேஸ்பாலைப் பாருங்க. அங்கே கிளப் விடாம வீரன் நகர முடியாதுங்கிற விதி 1975 டிசம்பர்லதான் உடைஞ்சது. அந்த விதி இருந்த காலத்துல சின்ன டீம் வாழ்ந்துச்சா? 1949ல இருந்து 1953 வரைக்கும் அஞ்சு வருஷமும் நியூயார்க் யாங்கீஸ்தான் சாம்பியன். உடைஞ்ச பிறகு 1978ல இருந்து 1987 வரைக்கும் பத்து வருஷத்துல பத்து வேற வேற சாம்பியன். கன்சாஸ் சிட்டி, மினசோட்டான்னு சின்ன டீமும் ஜெயிச்சது. எண்ணிப் பாத்துட்டு வாங்க.

கண்டனூர் கபடி:
எண்ணிட்டேன். நீங்க 1978ல ஆரம்பிச்சதுக்குக் காரணமும் தெரியும். ஓக்லண்ட் பேஸ்பால் டீம் 1972, 1973, 1974 மூணு வருஷமும் சாம்பியன். 1976 சீசன் முடிஞ்சதும் ரூடி, ஃபிங்கர்ஸ், பாண்டோ, டெனஸ், கேம்பனெரிஸ்னு அதோட வீரர்கள் வரிசையாப் போயிட்டாங்க. எப்படியும் போகப் போறாங்கன்னு அந்த ஜூன்லயே முதலாளி சில பேரை விக்கப் பார்த்தார், அதையும் பேஸ்பால் கமிஷனர் ரத்து பண்ணிட்டார். 1977ல ஓக்லண்ட் பிரிவுல கடைசி, அந்த வருஷம்தான் பிறந்த சியாட்டில் டீமுக்கும் கீழே! 1976, 1977 அந்த ரெண்டு வருஷத்தை மறைச்சுட்டு எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றீங்க. டேவிட்ஸுக்கும் இன்னும் பதில் வரலை.

தேவகோட்டை கோல்கீப்பர்:
ஏன் இந்த டேவிட்ஸையே பிடிச்சுத் தொங்குறீங்க? சரி, சும்மாதான் போனார். அதுல பாடம் கத்துக்கிட்ட அயாக்ஸ் 2019ல டி யோங்ங்கிற வீரனை பார்சிலோனாவுக்கு 7.5 கோடி யூரோவுக்கு வித்துச்சு. ஒப்பந்தம் முடியுறதுக்கு முன்னாடியே நீட்டணும், இல்லை விக்கணும். சோம்பேறிக் கிளப்புக்கு நீதிமன்றம் என்ன பண்ணும்? பழக்கின கிளப்புக்குன்னு ஃபிஃபா 2001ல விதியும் கொண்டுவந்துருச்சு. வீரனை நாடு விட்டு நாடு விக்கும்போது 12ல இருந்து 23 வயசு வரை பழக்கின கிளப்புகளுக்கு 5 சதவீதம்.

கண்டனூர் கபடி:
"சும்மாதான் போனார்." எழுத்துல வந்துருச்சு, எல்லாரும் பாத்துக்கோங்க.
5 சதவீதம் எதுல அண்ணே? விக்கிற விலையில. 2024ல எம்பாப்பே பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியில இருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனப்போ விலை என்ன? பூஜ்யம். பூஜ்யத்துல 5 சதவீதம் எவ்வளவு? சின்ன வயசுல அவரைப் பழக்கின பிரான்ஸ் ஊர் பாண்டி (Bondy) கிளப்புக்கு அந்த மாற்றத்துல ஒரு செப்புக்காசு இந்த விதியில வராது. பழக்கின கிளப்புக்குத் தனியா வர்ற பயிற்சித் தொகையும் 23 வயசோட முடிஞ்சுருது, அவருக்கு அப்போ 25. பெரிய கிளப்புக்கு விலை மிச்சம், வீரனுக்குக் கையெழுத்துப் பணம். நடுவுல விழுந்தது யாரு?

செக்காலை ரோடு:
வீரன் போறதையே பேசுறீங்களே, கிளப் போனதுக்கு யாரு அழுதா? 2016ல தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் ஆரம்பிச்சப்போ காரைக்குடி காளைன்னு நம்ம பேருல ஒரு டீம், பத்ரிநாத் கேப்டன். மேட்ச் எல்லாம் சென்னை, நத்தம், திருநெல்வேலி. காரைக்குடியில ஒரு பந்து விழுந்துச்சா? அப்புறம் டீமே திருப்பூர் தமிழன்ஸ் ஆயிருச்சு, 2025ல கோப்பையும் அடிச்சுட்டாங்க. முதலாளி ஊரையே மாத்தலாம், வீரன் மட்டும் சட்டையை மாத்தக் கூடாதா?

கானாடுகாத்தான் பேரன்:
காளைக்கு நான் திண்டுக்கல் வரைக்கும் போய்க் கத்திட்டு வந்தவன். அந்தப் பேச்சை எடுக்காதீக.

தேவகோட்டை கோல்கீப்பர்:
காரைக்குடி பேரு போனதுக்கு மட்டும் எல்லாருக்கும் வலிக்கும். தேவகோட்டைக்கு ஒரு டீமும் யாரும் தரலை, நாங்க அழுதோமா?
கண்டனூர் தம்பி, நியாயம் பேசுறவர் ஒண்ணு சொல்லணும். போன பொங்கல் போட்டியில உங்க டீம்ல ரைட் கார்னர் நின்ன பையன் எந்த ஊர்?

கண்டனூர் கபடி:
அவன் அறந்தாங்கிப் பையன். அவனா விருப்பப்பட்டு வந்தான். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை.

தேவகோட்டை கோல்கீப்பர்:
பஸ் காசு யார் கொடுத்தா?

கண்டனூர் கபடி:
நான்தான் கொடுத்தேன். அவன் டீம் அந்த வருஷம் போட்டிக்கே பேர் கொடுக்கலை. ரெண்டும் ஒண்ணு இல்லை அண்ணே.

தேவகோட்டை கோல்கீப்பர்:
அவனை விடியக்காலையில எழுப்பி ஓட விட்ட வாத்தியாருக்கு ஒரு போனாவது போட்டீகளா?

கண்டனூர் கபடி:
எங்களுக்குப் பரிசா வந்ததே ஒரு ஆட்டுக்கிடாய். அதையும் மிலானையும் ஒரே தராசுல வைக்கிறீங்க. ஓக்லண்டுக்கு யாரும் பதில் சொல்லலை, எம்பாப்பேக்கும் சொல்லலை.

செக்காலை ரோடு:
பத்து வருஷம், பத்து சாம்பியன். அதுக்கு நீங்களும்தான் சொல்லலை.