விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பாதிருக்க: மாநில அளவிலான திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

சேர்வராயன் அடிவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் சிறைவாசிகளின் குடும்பங்களோடு பணிபுரியும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் நான் இருக்கிறேன். விடுதலையாகி வருவோர் மறுபடியும் வழக்குகளில் சிக்குவதைக் குறைக்கத் தமிழ்நாடு முழுவதற்குமான செயல்திட்டம் ஒன்று வேண்டும் என்று அரசுக்கு ஒரு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறோம். அஸ்தம்பட்டியில் 1862 முதல் மத்திய சிறை இருக்கிறது. மதிலுக்குள் நடக்க வேண்டியவற்றுக்கு இத்தனை தலைமுறைகளில் எத்தனையோ விதிகள் வந்துவிட்டன. ஆனால் வாயிலைத் தாண்டியவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் ‘இரண்டாம் வாய்ப்புச் சட்டம்’ வழியாக மாநிலங்களுக்கு இதற்கென்றே நிதி கிடைக்கத் தொடங்கியது. அங்கே விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து எண்ணும் வழக்கமும் இருக்கிறது. 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் கைதாகியிருந்தார்கள். 5 ஆண்டுகளுக்குள் கைதானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் ஆண்டிலேயே பிடிபட்டவர்கள். நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம், தண்டனை பெற்று உள்ளே வருவோரில் எத்தனை பேர் முன்பே தண்டனை பெற்றவர்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, வெளியே போனவர்களைப் பின்தொடர்வதில்லை.

எதை அளவுகோலாக வைப்பது, யாரிடமிருந்து தொடங்குவது, மாவட்டத்தில் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்து எங்களுக்கு வேண்டும்.

ஓய்வுபெற்ற நல அலுவலர்

உங்கள் மூன்று கேள்விகளில் இரண்டாவதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுவாழ்வு என்ற உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் நீண்ட தண்டனை முடித்து வெளியே வரும் முதியவர். சிறைச் சந்தை, ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் நிலையம், தறிக்கூடம், பத்தாம் வகுப்புத் தேர்வு என்று நம் துறை பெருமையோடு காட்டும் பணிகள் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்கானவை. அவை நல்ல பணிகள், தொடர வேண்டியவை. ஆனால் 2022ஆம் ஆண்டின் முடிவில் நாடு முழுவதும் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அஸ்தம்பட்டி வாயிலில் நாள்தோறும் வெளியே வருவோரில் மிகப் பலர் இரண்டு மூன்று மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் போகிறவர்கள். வேலை கொடுக்கவும், பயிற்சி கொடுக்கவும், உட்கார வைத்துப் பேசவும் அவர்களுக்கென்று எதுவும் வகுக்கப்படவில்லை. திரும்பத் திரும்ப உள்ளே வருவதை நான் பார்த்ததும் அவர்களைத்தான். தண்டனை பெற்றவர்களை மட்டும் கணக்கில் கொள்ளும் திட்டம் எழுதுவதற்கு எளிது, அதனால் நடக்கும் பயன் குறைவு.

அந்த வாயிலில் நடப்பதை முன்மொழிவைப் படிக்கும் அதிகாரி கண்ணால் பார்ப்பது போல எழுதுங்கள். நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு வந்து, பதிவேடுகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கைதான அன்று உடுத்தியிருந்த அதே சட்டையோடு, கையில் ஒரு துணிப்பையோடு அவர் வெளியே வருவார். செல்போன் காவல் நிலையத்தில் வழக்குச் சொத்தாக இருக்கும். ஆதார் அட்டை எங்கே என்று அவருக்கே தெரியாது. அழைத்துப்போக வந்திருப்பவர் மனைவியா, தாயா, பழைய கூட்டாளியா என்பதைப் பார்த்தாலே அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று எங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும். யாருமே வராதவர் நடந்தே பழைய பேருந்து நிலையத்துக்குப் போவார். அந்த இரவை அங்கே கழிப்பவருக்கு முதலில் சோறு வாங்கிக் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பல காரியங்கள் நடக்கின்றன.

ஆகவே ஒருவர் சிறைக்குள் வரும் நாளிலேயே திட்டம் தொடங்க வேண்டும். சேர்க்கைப் பதிவின்போதே ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை உண்டா இல்லையா என்று குறித்து, இல்லாதவற்றை உள்ளே இருக்கும்போதே பெற்றுத்தர வேண்டும். குடிக்கோ போதைக்கோ அடிமையானவருக்கு உள்ளே தொடங்கிய சிகிச்சையின் சீட்டை, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிய கடிதத்தோடு, விடுதலை நாளில் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கும் ஒரு வரி. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ், சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தையின் பேரில் விடப்படுவோரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறார்கள், சிறைத்துறையின் முழுப்பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. புதிய பதவி உருவாக்கிக் காத்திருப்பதைவிட, இந்த அலுவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஜாமீனில் போகிறவர் விரும்பினால் அவருக்கும் துணைநிற்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

சேலம் நீதிமன்ற வளாகம்

நல அலுவலர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞராக, அளவுகோல் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் திட்டம் முழுவதும் திசைமாறிவிடும்.

மறுகைதை அளவுகோலாக வைக்காதீர்கள். நம் ஊரில் ஒருவர் மீண்டும் கைதாவது அவர் மீண்டும் குற்றம் செய்தார் என்பதற்கு மட்டும் அடையாளமன்று. ஹிஸ்டரி ஷீட் எனப்படும், பழைய குற்றவாளிகளைப் பற்றிக் காவல் நிலையம் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் இருப்பவரைத் திருவிழாவுக்கு முன்னும் தேர்தலுக்கு முன்னும் அழைத்துவந்து உட்கார வைப்பது வழக்கமாக இருக்கிறது. பகுதியில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் தட்டப்படும் கதவும் அவருடையதுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவாக இருந்து, இப்போது அதற்கு மாற்றாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129ஆவது பிரிவாகியிருக்கும் நன்னடத்தைப் பிணையமும், 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும், புதிதாக ஒரு குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஒருவரை மறுபடி உள்ளே கொண்டுபோகக் கூடியவை. இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகக் கூட்டினால், காவல் நிலையத்தின் பழக்கத்தை அளந்துவிட்டு மனிதரின் நடத்தையை அளந்ததாக நினைத்துக்கொள்வோம். புதிய குற்றப்பத்திரிகை, புதிய தண்டனை, தடுப்புக்காவல், ஜாமீன் நிபந்தனையை மீறியதால் ரத்து என்று தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். கடைசி வகையில் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் அரசே வியக்கும் என்பது என் கணிப்பு.

அந்த நிபந்தனை என்ன என்று பாருங்கள். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதன் பொருள் அன்றைய நாள் போயிற்று என்பதுதான். ஏற்காட்டுக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவருக்குச் சேலம் நகரத்து நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவானால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, எழுத்தர் வரும்வரை காத்திருந்து, மறுபடி மேலே ஏற வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கே கடன் வாங்குகிறார்கள். ஒரு வாரம் தவறினால் அவர் நீதிமன்றத்தின் பார்வையில் தலைமறைவானவர்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர்கள், சொத்து வரி ரசீது என்று கேட்டால் வாடகை வீட்டுக்காரர் யாரைக் கொண்டுவருவார்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தர இயலாதவரின் நிபந்தனைகளைத் தளர்த்துவதை நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டியது. அதே ஆண்டில் வந்த மத்திய அரசின் ஏழைச் சிறைவாசிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ரூ. 40,000 வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு ரூ. 25,000 வரையிலும் மாவட்டக் குழு வழங்கத் தொடக்க விதிகளில் இடமிருந்தது. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டோருக்கு இது கிடையாது என்பதால், கஞ்சா வழக்கில் சிக்கிய இளைஞர்களுக்கு மாநிலமே தனி வழி காண வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே சொன்ன புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தப் பயன் இல்லை. நாம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவர்களுக்கு மூன்று நான்கு சிறு வழக்குகள் எப்போதும் நிலுவையில் இருக்கும். அவற்றை ஒரே நாளில் எடுத்து முடிக்கும் ஏற்பாட்டை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் கேட்பது, எந்தத் தொழிற்பயிற்சியைவிடவும் அதிகம் பேரை வெளியிலேயே வைத்திருக்கும்.

சேர்வராயன் அடிவாரம்

இருவருக்கும் நன்றி. கையெழுத்து நேரத்தைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அதைத் தனிப் பகுதியாகச் சேர்க்கிறோம். வேலை கொடுப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், எந்த ஏற்பாடு இருந்தால் நீங்கள் ஒருவரைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று சொல்ல முடியுமா? மானியம் கொடுக்கச் சொல்லலாமா என்ற பேச்சு எங்கள் குழுவில் இருக்கிறது.

சிவதாபுரம் பட்டறை

எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சிறைக்குப் போய்வந்த இருவர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். மானியம் எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் தொழிலில் வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்து, முடிந்த கொலுசை எடைபோட்டு வாங்கி, சேதாரம் கழித்துக் கூலி கொடுப்போம். பலர் வெள்ளியை வீட்டுக்கே எடுத்துப்போய் வேலை செய்வார்கள். திருட்டு வழக்கில் போய்வந்தவரிடம் முதல் நாளே அப்படிக் கொடுத்தால், எடையில் ஒரு கிராம் குறைந்தாலும் ஊரே அவரைத்தான் பார்க்கும். அது அவருக்கும் நல்லதன்று. ஆகையால் முதலாமவரைப் பட்டறைக்குள்ளேயே முடியும் பாலிஷ் வேலையில் முதலில் வைத்தேன். எல்லோருக்கும் எடைபோடும் அதே தராசில், எல்லோர் முன்னாலும் அவருக்கும் எடை. சில மாதங்கள் கணக்கு நேராக இருந்தபின் பற்றவைக்கும் வேலைக்கு மாற்றினேன்.

அவரை இழக்கும் நிலை வந்தது வேறு காரணத்தால். எங்கேயோ ஒரு நகை பறிப்பு நடந்ததென்று சீருடையில் இருவர் பட்டறைக்குள் வந்து, மற்ற தொழிலாளர்கள் முன்னிலையில் அவரை எழுப்பி அழைத்துப்போனார்கள். மாலையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. எனக்கு வெள்ளி கொடுக்கும் வியாபாரி, உங்கள் பட்டறைக்குப் போலீஸ் வந்ததாமே என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் முதலாளிகள் பின்வாங்குகிறார்கள்.

நான் கேட்பது இதுதான்: விசாரிக்க வேண்டுமானால் முதலில் ஒரு குறிப்பிட்ட அலுவலர் எனக்குத் தொலைபேசியில் சொல்லட்டும், நானே அழைத்துவருகிறேன். நன்னடத்தை அலுவலர் என்று ஐயா சொன்னாரே, அவர் பெயரும் எண்ணும் என்னிடம் இருக்க வேண்டும், அவருக்குக் காவல் நிலையத்தில் மதிப்பு இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் அம்மாவிடம் ஒரு கேள்வி. இரண்டாமவர் இன்னும் காலையில் கையெழுத்துப் போடப் போகிறார். பட்டறை ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும். இதை மாற்ற வழி உண்டா?

சேலம் நீதிமன்ற வளாகம்

உண்டு, ஐயா. நடுவர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையானால் அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 483ஆவது பிரிவின்கீழ் அமர்வு நீதிமன்றத்தில் அதைத் தளர்த்தவோ நீக்கவோ கோரி மனு போடலாம். இதுவரை தவறாமல் கையெழுத்திட்டதற்கான பதிவையும், உங்கள் பட்டறையில் இன்ன நேரத்தில் வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தையும் இணைத்தால், வாரம் ஒரு நாள் என்றோ மாலை நேரம் என்றோ மாற்றிக் கேட்பது நியாயமான கோரிக்கை. கட்டணமில்லாமல் நடத்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவருக்கும், வருமான வரம்புக்குள் வருபவருக்கும் அந்த உரிமை உண்டு.

முன்மொழிவு எழுதுபவர்களுக்கு: முதலாளி தர வேண்டிய அந்தக் கடிதத்தின் மாதிரியையும், மனுவின் மாதிரியையும் பின்னிணைப்பாக வையுங்கள். தமிழிலேயே வையுங்கள். கைதியைப் பார்க்க வரும் குடும்பத்தினர் கையில் அந்த இரண்டு தாள்களும் சிறை வாயிலிலேயே கிடைக்க வேண்டும்.