உதவி: மழை நாளில் அன்டெனா அலைவெண் இறங்குது (நுண்துளை அலுமினா தட்டு)

நிந்தவூர்ப் பொடியன்:
எல்லாருக்கும் சலாம். இறுதியாண்டுப் புரொஜெக்டுக்கு நுண்துளை அலுமினா (அலுமினியம் ஒக்சைட் பீங்கான்) தட்டில பட்ச் அன்டெனா, அதாவது தட்டு மேல தட்டையான உலோகத் துண்டு வைத்த அன்டெனா, செய்றேன். அலுமினாவோட உமித்தூள் கலந்து, அழுத்திச் சுட்டது; உமி எரிந்த இடம் துளையாகும். துளை 60% அளவு. அடர்ந்த அலுமினாவின் டைஇலெக்ட்ரிக் மாறிலி (மின்புலத்தில பொருள் எவ்வளவு முனைவாகும் என்ற அளவு, காற்றுக்கு 1) 9.8 கிட்ட, அதில பட்டையகலம் (அன்டெனா வேலை செய்யும் அலைவெண் வீச்சு) ஒடுங்கும் என்றுதான் துளை வைத்தேன். 2.45 கிகாஹேர்ட்ஸுக்குக் கணக்குப் பார்த்தது, வெயில் நாளில சரியா நிற்குது. மாரி தொடங்கினதும் 2.3 கிட்ட இறங்கிட்டு, இழப்பும் கூடிட்டு. கேபிள் மாத்திப் பார்த்தேன், விஎன்ஏயை (அன்டெனாவின் அலைவெண்ணை அளக்கும் கருவி) திரும்பக் கலிபிரேட் பண்ணினேன், அதேதான். பட்சை வெட்டிச் சின்னதாக்கவா?

கல்லடிக் கரை:
வெட்டாதீங்க தம்பி! தட்டு ஈரம் குடிச்சிருக்கு. தண்ணீரின் மாறிலி அந்த அலைவெண்ணில 78 அளவு, அதனால கொஞ்சம் போதும். லொயெங்கா கலவை விதியில (கலவையில உள்ள பொருள்களின் பங்கை வைத்து மொத்த மாறிலியைக் கணிக்கும் சூத்திரம்) போட்டுப் பாருங்க: 60% காற்று என்றால் 3.1 வரும். கனவளவில 3% மட்டும் தண்ணீர் புகுந்தா 3.7 தாண்டும். அலைவெண் ஆனது, மாறிலியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகப் போறதால 2.45 என்பது 2.2, 2.3 பக்கம் வந்திடும். நீங்க சொல்ற இறக்கம் இதுக்குள்ள அடங்குது.
முதல்ல தராசு. அந்த 3% ஈரம் நிறையில 2% கிட்ட. 120 பாகையில இரவு முழுக்க வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில ஆறவிட்டு, தராசில நிறுத்து, உடனே அலைவெண்ணை அளங்க.

சம்மாந்துறை உம்மா:
மகன், உமியையும் பாருங்க. எரிந்தா ஐந்திலொரு பங்கு சாம்பலா நிற்கும், அதில பெரும்பகுதி சிலிக்கா, கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு. சுடும்போது இது கண்ணாடிப் பகுதியாகி இழப்பைக் கூட்டும். உமி நம்ம ஊர் மில்லில சும்மா கிடைக்கும், அது உண்மை. ஆனா மைக்ரோவேவ் வேலைக்குச் சோள மா நல்லது, சாம்பல் மிகக் குறைவு. 200 முதல் 600 பாகை வரை நிமிடத்துக்கு ஒரு பாகைதான் ஏத்துங்க, அவசரப்பட்டா தட்டில வெடிப்பு விழும்.

நிந்தவூர்ப் பொடியன்:
காய வைத்து நிறுத்தேன். நிறை குறைஞ்சிட்டு, அலைவெண் 2.44க்கு ஏறிட்டு! வெளியில வைத்தா திரும்ப இறங்குது. இழப்பு மட்டும் காய்ந்த பிறகும் முழுசாக் குறையல்ல, அது உமிதான் போல. ஈரம் புகாம மேலே கிளேஸ் (பீங்கான் மேல வரும் கண்ணாடிப் பூச்சு) பூசவா?

கல்லடிக் கரை:
மெல்லிசாப் பூசலாம், ஆனா கிளேஸுக்கும் மாறிலி உண்டு, கணக்கில சேருங்க. சிலேன் மாதிரி நீர் ஒட்டாப் பூச்சு இன்னும் இலேசு. பட்சுக்கு வெள்ளிப் பேஸ்ட் தேய்க்கிறதா இருந்தா அது துளைக்குள்ள இறங்கும், அதுக்குப் பதிலா செப்புத் தகடு ஒட்டுங்க. சோள மாத் தட்டு வந்ததும் இழப்பு எவ்வளவு என்று இங்க போடுங்க, எனக்கும் தேவை.