"மண்ணீரல் பலவீனம்" என்றார் சீன மருத்துவர்: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

தோ பாயோ வாசகி:
ஆறு மாதம் தீராத வயிற்றுப் பொருமலோடு இங்கே சிங்கப்பூரில் ஒரு சீன மருத்துவரிடம் போனேன். அவர் என் வலது மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்து, நடுவிரலை மட்டும் அழுத்தியபடி நெடுநேரம் கண்மூடியிருந்தார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, அதன் ஓரங்களில் பல் பதிந்திருந்த தடங்களைக் கண்ணாடியில் எனக்கே காட்டி, "மண்ணீரல் பலவீனம், அதிகம் யோசிக்கிறீர்கள்" என்றார். என் சித்தப்பாவுக்கு மண்ணீரல் வீங்கி, அதை அறுத்தெடுத்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். அன்றிரவு உறங்கவில்லை. மறுநாளே ஸ்கேன் எடுத்தேன். மண்ணீரலில் ஒரு குறையும் இல்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற கேள்வி மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை.

குவாங்சோ மாணவன்:
அவர் பொய் சொல்லவில்லை, அக்கா. இங்கே சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்கும் எங்களுக்குச் சீன மருத்துவமும் ஒரு பாடம். மண்ணீரல் என்று நாம் மொழிபெயர்க்கும் அவர்களுடைய 'பி' என்பது, உண்டதைச் சத்தாக மாற்றி உடலெங்கும் அனுப்பும் செயல்பாடு. யோசனை மிகுந்தால் அது நலியும் என்பது அவர்கள் கொள்கை. வலது மணிக்கட்டில் நடுவிரல் படும் 'குவான்' என்ற இடம் அதற்கு உரியது. இப்படிச் செயல்பாட்டையே உறுப்பாகக் கொள்வதால், அவர்களிடம் 'சான்ஜியாவ்' என்று ஓர் உறுப்பும் உண்டு. அதற்குப் பெயர் உண்டு, வடிவம் இல்லை என்று பழைய நூலே கூறுகிறது. செய்முறை வகுப்பில் ஆசிரியர் என் காலில் ஊசி குத்தும் 'சூசான்லி' புள்ளியைத் தேடியபோது, தம் கையால் அளக்காமல், என் நான்கு விரல்களையே முழங்காலுக்குக் கீழே வைத்து அளந்தார். ஊசி இறங்கியதும் கனத்த மரமரப்பு ஒன்று புறங்கால்வரை ஓடியது. அதே வாரம் உடற்கூறு வகுப்பில் மண்ணீரலைக் கையில் ஏந்தினேன். அந்தச் செயல்பாட்டுக்கும் இந்த உறுப்புக்கும் சீனத்தில் ஒரே எழுத்து என்பதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

ஈப்போ ஆசிரியை:
தம்பி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதை விளக்கியிருக்க வேண்டியவர் மருத்துவர்தான், பயந்துபோன நோயாளி பாடம் படித்துவிட்டு வர முடியாது. நான் நான்கு மாதக் கர்ப்பிணியாகக் கழுத்து வலிக்குப் போனபோது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள 'ஹெகு' புள்ளியை ஊசி நெருங்கிய நொடியில், உடன் வந்த நாத்தனார் விஷயத்தைச் சொன்னார். மருத்துவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஆகவே சகோதரிகளே, அவர் கேட்காவிட்டாலும் கர்ப்பத்தை முதலில் சொல்லுங்கள். ஹெகுவையும் கணுக்காலுக்கு மேலுள்ள 'சான்யின்ஜியாவ்' புள்ளியையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதே மரபு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் அதை மறைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஊசியில் மின்சாரம் பாய்ச்ச இசையக் கூடாது. முத்திரையிட்ட புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். தோளிலுள்ள 'ஜியான்ஜிங்' புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைத்துவிடக்கூடும். அதன் பிறகு மூச்சு முட்டினால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாசகி அம்மா, ஆறு மாதப் பொருமலுக்கு மண்ணீரலை மட்டும் பார்த்தது போதாது. குடல் மருத்துவரையும் பாருங்கள்.

தோ பாயோ வாசகி:
ஸ்கேன் முடிவைப் பார்த்த கோபத்தில் நான் அவரிடம் திரும்பிப் போகவே இல்லை. மாணவத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தேன். தடங்கள் அப்படியே இருக்கின்றன, பொருமலும் இருக்கிறது.