நோட்டில் உயிரோடு இருக்கும் கருத்து போஸ்டரில் ஏன் செத்துப்போகிறது?

மோக்கா மாணவி:
வணக்கம். மொரிஷியஸில் கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு. தைப்பூசக் காவடிக்கு ஏ2 போஸ்டர் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் வர வேண்டும். பென்சிலில் நன்றாக இருக்கும் கருத்து, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளுக்குப் போனதும் எல்லாருடைய போஸ்டர் மாதிரியும் ஆகிவிடுகிறது. எத்தனை ஸ்கெட்ச் போட்ட பிறகு கணினிக்குப் போகலாம்?

கரிக்கோடு:
தங்கச்சி, எத்தனை என்பதைவிட எந்த அளவில் என்பதுதான் முக்கியம். ஏ2 தாள் 420 × 594 மி.மீ. ஏறக்குறைய அதே விகிதத்தில் 5 × 7 செ.மீ. கட்டங்கள் ஒரு முப்பது போடுங்கள். பென்சில் வேண்டாம், தடித்த மார்க்கர். கட்டத்துக்கு மூன்று நிமிடம். கூர்மையான பென்சில் கிடைத்தால் கை மயில் தோகையின் கண்களை வரையப் போய்விடும், தாளில் எது எங்கே என்பது முடிவாகாது.

முதல் பத்துக் கட்டத்தில் வேல், மயில், கோபுரம், பூக்காவடிதான் வரும். வரட்டும். அவை தீர்ந்த பிறகு பொருளை விட்டுவிட்டு நடப்பதைப் பிடியுங்கள். நம் ஊர்க் காவடியில் கட்டிய சொம்புப் பால் திரியாமல் கோயில் சேர வேண்டும், இல்லையா? அதுவே ஒரு கருத்து. தாள் முழுக்க நிறம், நடுவில் மை படாத ஒரு வெள்ளை வட்டம், அதை நெருக்கிக்கொண்டு நடக்கும் கால்கள். மயில் தேவையே இல்லை.

முப்பதில் மூன்றை எடுத்து ஏ4 அளவில், உண்மையான தேதி, நேரம், கோயில் பெயரோடு வரையுங்கள். எழுத்துக்குப் பதில் கோடு போட்டு வைத்தால் ஏமாறுவீர்கள். தமிழ்த் தலைப்பு நினைத்ததைவிட அகலமாக வரும்.

செத்துப்போவது ஏன் என்றால், கணினியில் திரும்ப வரைவதால். சிறு கட்டம் ஏ2 ஆகும்போது 8.4 மடங்கு பெருகுகிறது. 1 மி.மீ. மார்க்கர் கோடு 8 மி.மீ.க்கு மேல் தடிக்க வேண்டும். மென்பொருளில் கோடு இழுக்கும் பென் டூலில் 1 பாயின்ட் கோடாக, அதாவது 0.35 மி.மீ.யாக இழுத்தால் பலம் போய்விடும். பிறகு காலி இடம் உறுத்தும், அதை நிரப்ப ஓம், பூ வேலை, கிரேடியன்ட் (மெல்ல மாறும் நிறப்பூச்சு) என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். கட்டத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, அடி லேயரில் பூட்டி வைத்து, அதன் மேலேயே வேலை செய்யுங்கள்.

எழுத்துப்பித்தன்:
மூன்று மொழியில் எது மேலே, எது பெரிது என்பதை முதல் ஸ்கெட்சிலேயே முடிவு செய்யணும். இந்தத் தீவில் அது சின்ன விஷயமில்லை. நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை 1998 நோட்டுகளில் மாறியது. எழுந்த எதிர்ப்பில் அவற்றைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே வெளியிட்டார்கள்.

கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி வந்தால் ஃபான்ட்மேல் பழி போடாதீர்கள். பத்தி பேனல் மெனுவில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போஸரைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றணும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதற்கு வேர்ல்ட்-ரெடி என்று பெயர். பாமினி போன்ற பழைய ஃபான்ட் வேண்டவே வேண்டாம், ஃபான்ட் மாறினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். முக்த மலர், கேட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ் மூன்றும் யூனிகோட், இலவசம். தமிழ் வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.4 மடங்காவது வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும்.

அச்சுமை:
நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காவடி என்றதும் அந்த ஃபூஷியா ரோஸ்தானே வைப்பீர்கள்? திரையில் ஒளியால் (ஆர்ஜிபி) ஜொலிக்கும் அந்த ரோஸ், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மையில் (சிஎம்ஒய்கே) மங்கிவிடும். முதல் நாளே கோப்பை சிஎம்ஒய்கேயில் திறந்து, மெஜந்தா 100 சதவீதம், மற்றது பூஜ்யம் என்று தொடங்குங்கள். சயான் சேர்ந்தால் ஊதாவாகும். சிறிய எழுத்துக்கு கறுப்பு 100 மட்டும். நான்கு மையும் கலந்தால், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் நிறம் கசியும். நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து விட்டால் 10 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள், ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைந்துவிடும். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறம் நீள வேண்டும்.

மோக்கா மாணவி:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். படிநிலைகளுக்கும் மதிப்பெண் உண்டு. நிராகரித்த கட்டங்களையும் காட்டவா?

கரிக்கோடு:
கட்டாயம். எதையும் கிழிக்காதீர்கள், அழகாகத் திரும்ப வரையவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: “தேதி படிக்க முடியவில்லை”, “கச்சேரி போஸ்டர் போலிருக்கிறது”. “பிடிக்கவில்லை” என்பது காரணமாகாது. இறுதிக்கு முன் நான்கு ஏ4 தாளில் பகுதி பகுதியாக அச்செடுத்து, ஒட்டிச் சுவரில் மாட்டி, நான்கு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தேதி தெரியவில்லை என்றால் வட்டத்தைத் தொடாதீர்கள், தேதியைப் பெரிதாக்குங்கள். திருத்தம் எழுதிய அந்தத் தாள்களையும் கோப்பில் சேருங்கள்.